ஒரு பிடி உப்பு

2005 ஆகஸ்டில், ஏழாம் வகுப்புக்குக் கதைப்புத்தகம் வாசித்துக் காட்ட ஒரு பீரியடை கீதாஞ்சலி டீச்சர் மல்லுக்கட்டித்தான் வாங்கினாள். "அசிங்கமா ஒரு வார்த்தை காதுல விழுந்துச்சு, அன்னியோட பீரியட் கட்" என்றிருந்தார் ஹெட்மாஸ்டர் பச்சமுத்து. அவர் காதோ வராந்தாவிலேயே குடியிருந்தது.

முப்பத்திரண்டாம் பக்கத்தில் வில்லங்கம் வந்தது. "உப்பள வரப்பில் அவள் கையைப் பற்றி, ஒரு" என்று வாசித்த பிறகுதான் அடுத்த வார்த்தை 'முத்தம்' என்று டீச்சர் பார்த்தாள். ஜன்னலில் சாரின் வழுக்கை மின்னியது. பதறிப்போய் வாய்க்கு வந்ததைப் போட்டு முடித்தாள்: "ஒரு பிடி உப்பு கொடுத்தான்."

அத்தனையும் உப்பளத்துப் பிள்ளைகள். வகுப்பே கொந்தளித்தது.

"ஐயய்யோ டீச்சர், உப்பைக் கையில குடுத்தா சண்டை வருமே! கீழ வச்சில்ல எடுத்துக்கச் சொல்லணும்?" என்றாள் செந்தமிழ்.

டீச்சர் அடுத்த வரிக்குத் தாவினாள். "அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள்."

"உப்பு வாங்கினதுக்கா? அவ லூசா டீச்சர்?"

பச்சமுத்து சார் முகம் சிவக்க உள்ளே நுழைந்தார். மூன்று தலைமுறையாக உப்பளம் வைத்திருக்கும் குடும்பம் அவருடையது. பீரியடுக்குச் சங்குதான் என்று டீச்சர் எழுந்து நின்றாள்.

"ஏம்மா, பிள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லித் தர்றீங்க? எவனாவது உப்பைக் கையில குடுப்பானா?"

"சார்... புத்தகத்துல முத்தம்னுதான் இருக்குது சார்."

சார் புத்தகத்தை வாங்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"அப்படிச் சொல்லுங்க. நான் பயந்தே போயிட்டேன்" என்றவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "ம், மேல படிங்க."