குருவியின் நிதானம்

நான் பல் கட்டுகிறவன். வைத்தியர் இல்லை, வைத்தியர் அளவெடுத்து அனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்து கொடுக்கிறவன். என் பற்களை மாட்டிக்கொண்டு சிரிக்கும் ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அங்கேயும் யாரும் இல்லை. மனைவி போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. சாகவில்லை, கிளம்பிப் போனாள். "உங்களோட ஒரே வீட்ல இருக்கிறதும் ஒண்ணுதான், பூட்டின வீட்ல இருக்கிறதும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போது கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இப்போது வருவதில்லை. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

அவள் போன வாரம்தான் அந்த ரெக்கார்டு கைக்கு வந்தது. ஜாஸ் ரெக்கார்டு சேர்ப்பது என் பைத்தியம். பேர் வாங்கியவர்கள் எனக்கு வேண்டாம். அவர்களைக் கேட்க ஊரே இருக்கிறது. ஒரே ஒரு ரெக்கார்டு போட்டுவிட்டுப் போன இடம் தெரியாமல் போனவர்களைத்தான் தேடித் தேடி வாங்குவேன். இது பழைய சாமான் கடையில் ஒரு பெட்டியின் அடியில் கிடந்தது. உறையில் நான்கு இளைஞர்களின் மங்கலான படம், மேலே 'குருவியும் கூட்டாளிகளும்' என்ற தலைப்பு. குருவி என்பது சாக்ஸபோன் வாசித்தவரின் பட்டப்பெயர். உறையின் பின்பக்க மூலையில் கடைக்காரர் ஒரு விலைச் சீட்டு ஒட்டியிருந்தார். ரெக்கார்டு சேர்க்கிற நாங்கள் சீட்டை உரிக்க மாட்டோம். உறை பிய்ந்துவிடும். பிய்ந்த உறையோடு ரெக்கார்டு வைத்திருப்பவனை நாங்கள் மனுஷனாகவே மதிப்பதில்லை.

அன்று மாலை அதைப் போட்டேன். அப்படி ஒரு நிதானத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். கனத்த, அடித்தொண்டைக் குரல். யாரையோ இழந்துவிட்டு, வாய்விட்டு அழத் தெரியாமல் சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்ட ஆள் என்று எனக்குத் தோன்றியது. நானும் அழுதேன். வெட்கம் என்ன, தேம்பித் தேம்பி அழுதேன். அதற்குப் பிறகு வீட்டில் எனக்குத் துணை என்றால் அந்த ஆள்தான். பதினோரு வருடமாக மனதுக்குள் அவரிடம் ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்: யாரைப் பறிகொடுத்துவிட்டு இப்படி வாசித்தீர்கள்?

முப்பத்தேழு பேர் படிக்கும் எங்கள் ரெக்கார்டு சேர்ப்போர் சங்கத்து இதழில் அந்த ரெக்கார்டைப் பற்றிப் பதினான்கு பக்கம் எழுதினேன். உறையில் ஆல்டோ சாக்ஸபோன் என்று போட்டிருந்தது. ஆல்டோ மெல்லிய குரல். இதுவோ டெனர் என்கிற பெரிய சாக்ஸபோனுக்கே உரிய கனம். ஆகவே உறையில் இருப்பது பிழை என்று ஒரு பக்கம் நிரூபித்தேன். இவ்வளவு மெதுவாக வாசிப்பவருக்குக் குருவி என்று பேர் வைத்தது கூட்டாளிகளின் குசும்பு என்று இரண்டு பக்கம் விளக்கினேன். பியானோவின் சுருதி இறங்கிக் கிடந்ததையும் விடவில்லை. அது துக்கம் என்றேன்.

இதழைப் படித்த முப்பத்தேழு பேரில் ஒருவர் தபால்காரர். அவர் எனக்குப் போன் செய்தார்.

"உங்க குருவி என் லைன்லதான் சார் இருக்காரு. செருப்புக் கடைக்கு மேல, ரெண்டாவது மாடி. தனியாதான் இருக்காரு. போனா பேசுவாரு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூக்கிச் செல்லும் ரெக்கார்டு பிளேயரையும் ரெக்கார்டையும் எடுத்துக்கொண்டு படியேறினேன். கதவைத் திறந்தவருக்கு எழுபத்தெட்டு வயது இருக்கும். ஒல்லி உடம்பு, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை. பற்கள் யாரோ அவசரத்தில் கட்டியவை. என் கண் அங்கேதான் முதலில் போனது. அறையில் ஒரு கட்டில், இரண்டு நாற்காலி. சாக்ஸபோன் இல்லை.

"அத வித்து முப்பது வருஷமாச்சு தம்பி. ரெக்கார்டுகூட என்கிட்ட ஒண்ணும் இல்ல. நீங்க வெச்சிருக்கீங்களா? நெஜமாவா?"

குழந்தை மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் முள்ளை வைத்தேன்.

முதல் பாட்டு முழுக்க அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

"யாரு தம்பி இது? பிரமாதமா வாசிக்கிறான்."

"ஐயா, இது நீங்கதான்."

"வெளையாடாதீங்க. நான் இவ்ளோ பொறுமையா என்னைக்கு வாசிச்சேன்? என் கழுத்துல கத்திய வெச்சாலும் எனக்கு இது வராது. உறைய குடுங்க."

கொடுத்தேன். படத்தைப் பார்த்தார், திருப்பினார், மூலையிலிருந்த சீட்டை நகத்தால் பரக்கென்று உரித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. பிய்ந்த காகிதத்துக்கு அடியில், சின்ன எழுத்தில், 'வேகம் 45' என்று இருந்தது.

பெரிய ரெக்கார்டு என்றால் நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்று என்பது எங்கள் ஆட்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். சின்னதுதான் நாற்பத்தைந்து. இதன் நடுவிலோ எழுத்தே இல்லாத வெள்ளைக் காகிதம். ஒன்றும் தெரியாதவன் கையில் கிடைத்திருந்தால் இரண்டு வேகத்திலும் போட்டுப் பார்த்திருப்பான். நான் விவரம் தெரிந்தவன். பதினோரு வருடம் பிளேயரின் வேக விசையைத் தொடவே இல்லை.

அவரே எழுந்து விசையைத் தள்ளினார்.

அறைக்குள் ஒரு பட்டாளமே புகுந்த மாதிரி இருந்தது. குரல் மெலிந்து, மேலே ஏறி, இங்கே உட்கார்ந்து அங்கே தாவி, சாட்சாத் குருவி. பியானோவின் சுருதி சுத்தமாக இருந்தது. கிழவர் தொடையில் தாளம் போட்டார்.

"இது தையல்காரன்! பியானோவ என்னமா அடிக்கிறான் பாருங்க. டிரம்ஸ் மொட்டை. பாஸ் வாசிக்கிறது எங்க மாமா. அஞ்சு மணிக்குள்ள ஸ்டூடியோவ காலி பண்ணணும் தம்பி, அதான் இந்த ஓட்டம். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சிருச்சு அன்னைக்கு."

அவர் முகத்தில் இருபத்துநாலு வயது வந்துவிட்டது. எனக்கோ பொறாமையில் வயிறு எரிந்தது. என் ஆளை என் கண் முன்னாலேயே கொன்றுவிட்டு இவர் தாளம் போடுகிறார் என்று நினைத்தேன். கொன்றார் என்றும் சொல்ல முடியாது. அப்படி ஒருவன் பிறக்கவே இல்லையே. பதினோரு வருடம் நான் யாருமில்லாத வீட்டில்தான் இருந்திருக்கிறேன். ஆனாலும் வந்ததற்கு அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"அப்ப நீங்க யாரையாவது... பறிகொடுத்திருந்தீங்களா?"

"யாரையும் இல்லையே. அப்ப எல்லாரும் இருந்தாங்க."

பாட்டு முடிந்தது. முள் நடுக் காகிதத்தின் ஓரத்தில் உரசிக்கொண்டிருந்தது. கீழே செருப்புக் கடையில் யாரோ ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. தொடையில் இருந்த அவர் கை அப்படியே நின்றது.

"மொட்டைதான் முதல்ல போனான். அப்புறம் மாமா. தையல்காரன் போய் நாலு வருஷம்."

பொய்ப்பல் செய்கிறவனுக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கம் ஏது? ரெக்கார்டை எடுத்து உறையில் போட்டு, அவர் மடியில் வைத்தேன்.

"இது உங்களோடது ஐயா. நீங்களே வெச்சுக்குங்க."

பிளேயரை மூடப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்குள்ள எங்க கிளம்பிட்டீங்க? உங்க ஆளப் போடுங்க."

"எந்த ஆள்?"

"முதல்ல போட்டீங்களே, அவன். வேகமா வாசிக்கிற அந்தக் குருவிய கேட்டா எனக்கு எல்லாரும் ஞாபகத்துக்கு வர்றாங்க, தாங்கல. இவனுக்கு யாரும் இல்ல போலிருக்கு. இவன்கூட உக்காந்திருக்கலாம்."

அவர் மடியிலிருந்த ரெக்கார்டை எடுத்துப் போட்டு, விசையை முப்பத்துமூன்றுக்குத் தள்ளிவிட்டு, இன்னொரு நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.