சீசன் பலகை

குற்றாலம் ரோட்டில், மேலகரத்தைத் தாண்டியதும், மோட்டார் சைக்கிளில் வந்த நம்பிராஜனைப் போலீஸ் கைகாட்டி நிறுத்தியது. அவன் முதலில் சிரித்தான். வெளியூர்க்காரனைத்தான் பிடிப்பார்கள், உள்ளூர் ஆள் என்று தெரிந்தால் விட்டுவிடுவார்கள் என்பது அவன் நினைப்பு. ஏட்டு ஊரைக் கேட்டார். குத்துக்கல்வலசை என்றான். விடவில்லை.

"லைசென்ச எடு."

"என்ன ஏட்டையா செஞ்சேன்?"

"நாப்பத்தஞ்சு மைல்ல வாரே. மரத்துல பலகை தொங்குதே, கண்ணு தெரியலியா?"

பலகை தெரியாமல் இல்லை. ஆனியில் சாரல் விழுந்ததும் அந்தப் புளியமரத்தில் அதைத் தொங்கவிடுவார்கள். இருபது மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று எழுதியிருக்கும். சீசன் முடிந்ததும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சீசனில் குதிரை வண்டிக் கூலி ஏறும், வீட்டு வாடகை ஏறும், இட்லி சின்னதாகும். அதெல்லாம் மதுரையிலிருந்தும் மெட்ராசிலிருந்தும் குளிக்க வருகிறவர்களுக்கு. தென்காசிக்காரன் பழைய கூலிதான் கொடுப்பான். பழைய வேகத்தில்தான் போவான். பலகையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி என்று ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். நம்பிராஜனும் நினைத்தான்.

ஏட்டு லைசென்சைத் தன் பையில் வைத்துக்கொண்டு ஒரு சீட்டைக் கொடுத்தார்.

வண்டி அவனுடையது இல்லை. ரைஸ் மில் முதலாளி மந்திரமூர்த்தியுடையது. பாளையங்கோட்டையில் காலேஜை முதல் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவனுக்கு, அந்த மில்லில் ராத்திரி நெல் அவிக்கிற வேலைதான் கிடைத்தது. அன்று காலை பாய்லர் வால்வு உடைந்துபோனது. பிட்டர் செல்லப்பா ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தார். தொட்டியில் ஊறின நெல் நாற ஆரம்பித்திருந்தது. முதலாளி மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து வீசினார். "பறந்து போயி அவனக் கூட்டிட்டு வாலே."

செல்லப்பாவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து நம்பிராஜன் விஷயத்தைச் சொன்னபோது, முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"பறந்து போன்னு சொன்னா, நெசமாவே பறப்பியால மூதி? சரி, போ. கோர்ட்டுல ஒத்துக்கிட்டு வந்துரு. அபராதத்த நான் கெட்டுதேன். சோலி முடிஞ்சுது."

"ஒத்துக்க மாட்டேன் அண்ணாச்சி."

"ஏன், பெரிய கொலைக் கேசா?"

காரணத்தை நம்பிராஜன் அவரிடம் சொல்ல முடியாது. சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அந்த லைசென்சில் பஸ், லாரி ஓட்டவும் அனுமதி இருந்தது. அதற்காக அவன் பகல் தூக்கத்தை விட்டு ஒரு லாரி ஷெட்டில் கிடந்து பழகியிருந்தான். செங்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனியின் மானேஜர் அவனை ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஆவணி கடைசியில் வரச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. லைசென்சில் கோர்ட் எழுதின எழுத்து ஒன்றுகூட இருக்கக்கூடாது. குற்றத்தை ஒத்துக்கொண்டால் மாஜிஸ்திரேட் அபராதத்தோடு நிறுத்தமாட்டார், லைசென்சிலும் எழுதுவார். அப்புறம் ஆயுசுக்கும் அவியல் தொட்டிதான். அந்தத் தொட்டியில் அவனுக்கு முன்னால் நின்றவன் இருமி இருமித்தான் செத்தான்.

முதல் வாய்தாவில் கோர்ட் நிறைய சில்லறைக் கேசுகள். விளக்கில்லாத மாட்டு வண்டி, சீட்டு விளையாடியவர்கள், ரோட்டில் எருமையைக் கட்டியவர். பெயரைக் கூப்பிடக் கூப்பிட, "ஒத்துக்கிடுதேன் எசமான்" என்று வரிசையாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். நம்பிராஜன் "இல்லை" என்றான். பெஞ்சு கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பின்னாலிருந்து எருமைக்காரர், "ஏலே, எங்க எல்லாரையும் நிக்க வச்சுட்டியே, நீ என்ன வெள்ளைக்காரனா?" என்றார்.

வாய்தா தள்ளிப்போனது. அடுத்ததும் தள்ளிப்போனது. ராத்திரி முழுக்க அவியல், பகலில் கோர்ட் வராந்தா. வீட்டில் மனைவி வடிவம்மாள் சோற்றை வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"ஊர்ல எல்லாரும் ஒத்துக்கிட்டு வந்துருதாங்க. உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"பஸ்சுல ஏறணும்னு சொன்னது நீதானடி."

"ஏறணும்னுதான் சொன்னேன். கூண்டுல ஏறச் சொல்லல."

வராந்தாவில்தான் ஏசுவடியான் பழக்கமானார். ஒரு சின்ன வக்கீலுக்குக் குமாஸ்தா. கேசைக் கேட்டுவிட்டு, வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "எப்படி வேகத்தைக் கணக்குப் பண்ணினாங்க?" என்றார்.

நம்பிராஜன் தான் பார்த்ததைச் சொன்னான். ஒரு பர்லாங் தூரத்தில் கான்ஸ்டபிள் ஒருவர் நிற்பார். வண்டி அவரைத் தாண்டும்போது வெள்ளைத் துண்டை ஆட்டுவார். இந்தப் பக்கம் நிற்கிற ஏட்டு அதைப் பார்த்துக் கடிகாரத்தை அமுக்குவார். வண்டி தன்னிடம் வந்ததும் நிறுத்துவார்.

ஏசுவடியான் வெற்றிலையைத் துப்பினார்.

"அருவிக்குப் போற ரோட்டுலயா? சீசன்லயா? துண்டயா ஆட்டினான்?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, நீ பொழச்சே. ஒண்ணே ஒண்ணு. மாஜிஸ்திரேட்டு உன்னக் கேட்டா, பொய்க் கேசு எசமான்னு மட்டும் சொல்லு. வேற ஒரு வார்த்தை பேசப்படாது. வக்கீல் பாத்துக்கிடுவாரு."

விசாரணை நாளில் ஏட்டு கூண்டில் ஏறினார். வக்கீல் சின்னப் பையன் மாதிரி இருந்தாலும் கேள்வியை விடவில்லை.

"அன்றைக்கு ரோட்டில் கூட்டம் உண்டா?"

"சீசன் கூட்டம். அருவியில இருந்து திரும்பி வந்துகிட்டே இருந்தாங்க."

"அவர்கள் கையில் என்ன இருந்தது?"

"ஈரத் துண்டு."

"அதை என்ன செய்துகொண்டு வந்தார்கள்?"

"உதறிக்கிட்டும், காத்துல காயப் பிடிச்சுக்கிட்டும்..."

"அத்தனை துண்டில் உங்கள் கான்ஸ்டபிள் துண்டு எது?"

"போலீஸ் துண்டு தனியாத் தெரியும் சார்."

"எப்படி? அதுக்கு மட்டும் தொப்பி போட்டிருந்ததா?"

கோர்ட் சிரித்தது. வண்டி பாதி தூரம் வந்த பிறகு எவனோ ஒருவன் துண்டை உதற, அதைப் பார்த்து ஏட்டு கடிகாரத்தை அமுக்கியிருந்தால் நாற்பத்தைந்து என்ற கணக்கே தப்பு என்றார் வக்கீல். மாஜிஸ்திரேட் அதைக் குறித்துக்கொண்டார். அவருடைய உதட்டிலும் லேசாகச் சிரிப்பு இருந்தது. பின் பெஞ்சிலிருந்து ஏசுவடியான் தலையை ஆட்டினார். நம்பிராஜனுக்கு மூச்சு தாராளமாக வந்தது.

சாட்சி முடிந்ததும் மாஜிஸ்திரேட் அவன் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன சொல்கிறாய்?"

"பொய்க் கேசு எசமான்."

அதோடு அவர் விட்டிருக்கலாம். விடுகிற மாதிரிதான் பேனாவை எடுத்தார். கேஸ் கட்டில் அவனுக்கு மில்லில் ராத்திரி வேலை என்று இருந்ததைப் பார்த்து, எழுதிக்கொண்டே யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். "ராத்திரி வேலை பார்த்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் வண்டியை எடுத்தால், எவ்வளவு வேகத்தில் வந்தோம் என்று உனக்கே தெரிந்திருக்காது."

எத்தனை ராத்திரி விழித்தாலும் வண்டியில் ஏறினால் அவனுக்குக் கண் மூடாது. லாரி ஷெட்டில் அவனைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். மானேஜரும் அதைப் பார்த்துத்தான் வரச் சொன்னார்.

"தெரியும் எசமான். நான் மீட்டர் முள்ளப் பாத்துக்கிட்டேதான் வந்தேன். முள்ளு முப்பதத் தாண்டவே இல்ல."

ஏசுவடியான் தலையை ஆட்டுவதை நிறுத்தினார்.

மாஜிஸ்திரேட் பேனாவை வைத்தார். "முப்பது. நிச்சயமா?"

"நிச்சயம் எசமான்."

"பலகையில் என்ன போட்டிருந்தது?"

அப்போதும் அவனுக்குப் புரியவில்லை. "இருபது. அது சீசனுக்கு வாரவங்களுக்கு எசமான். நாங்க இங்கன உள்ளவங்க."

இந்தத் தடவை கோர்ட் அடக்கமாட்டாமல் சிரித்தது. ஏட்டும் சிரித்தார். வக்கீல் தன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாஜிஸ்திரேட் மட்டும் சிரிக்கவில்லை. அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். துண்டைப் பற்றிய சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்குத்தான், ஆனால் அவனே ஒப்புக்கொண்ட வேகமும் சட்டப்படி குற்றம்தான் என்று தீர்ப்புச் சொன்னார். அபராதம். லைசென்சில் குறிப்பு.

வெளியே வந்ததும் ஏசுவடியான் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உன்ன எவன் கேட்டான் முள்ளு எங்க நின்னுச்சுன்னு?" என்று மட்டும் கேட்டார்.

"தூக்கத்துல ஓட்டினேன்னு சொன்னாரு அண்ணாச்சி."

"சொல்லிட்டுப் போறாரு. உன் சட்டையா கிழிஞ்சுது?"

அபராதத்தை மில்லிலிருந்து வந்த கணக்கப்பிள்ளை கட்டினார். கட்டிவிட்டு, "சாயங்காலம் நேரத்தோட வந்துரச் சொன்னாரு, ரெண்டு தொட்டி நெல்லு கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிளார்க் கடைசியாக அவனைக் கூப்பிட்டார். லைசென்சில் வெற்றாக இருந்த பக்கத்தைத் திருப்பி, கட்டைப் பேனாவால் நாலு வரி எழுதினார். தேதி, சட்டப் பிரிவு, அபராதம், கையெழுத்து. கோர்ட் முத்திரையை அழுத்தினார். மை ஒற்றுகிற தாள் தீர்ந்துபோயிருந்தது.

"மூடிராதே. மை காயல. மத்தப் பக்கத்துலயும் ஒட்டிக்கிடும்."

நம்பிராஜன் அதை விரித்துப் பிடித்தபடியே வராந்தாவுக்கு வந்தான். வெளியே சாரல். ஏசுவடியான் அவன் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"செங்கோட்டைக்குப் போவியா?"

"போயி என்னத்தக் காட்ட?"

"வேற கம்பெனி இல்லாமயா போச்சு?"

"எல்லாக் கம்பெனிலயும் படிக்கத் தெரிஞ்சவந்தான் மானேஜரா இருக்கான்."

அவர், அவன் கையும் லைசென்ஸ் புத்தகமும் தூறலுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தார்.

"நனைச்சு அழிக்கலாம்னு நெனச்சுராதே. கோர்ட்டு ரிக்கார்டுல இருக்கு. அதுக்கு வேற கேசு போடுவான்."

"நனைக்கல அண்ணாச்சி. காய வைக்கேன்."

அவர் அடுத்த கட்சிக்காரரைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நம்பிராஜன் வராந்தாத் தரையில், தூறல் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தான். காற்றில் ஈரம் இருந்ததால் மை சீக்கிரம் காயவில்லை. கண் சொருகியது. தூங்கினால் புத்தகம் கையிலிருந்து விழுந்துவிடும் என்று விழித்தே இருந்தான். எழுத்தில் பளபளப்பு போனதும், ஒரு வரியை விரலால் தொட்டுப் பார்த்தான். ஒட்டவில்லை. மூடிப் பையில் வைத்துக்கொண்டான். வெயில் இல்லாததால் மணி தெரியவில்லை. ரோட்டில் போன ஒருவரிடம் நேரம் கேட்டான். வீட்டுக்குப் போய்த் தூங்க நேரம் இல்லை. நேராக மில்லுக்கு நடந்தான்.