ரோலண்ட் ஹாகனின் விலை

பேஸ்பால் பந்துவீச்சாளன் ரோலண்ட் ஹாகன் எறிந்து, மட்டையில் படாமல் போன ஒவ்வொரு பந்தின் அடியும், அவன் எந்த ஊர் மைதானத்தில் நின்று எறிந்தாலும், எங்கள் ஹெஸ்பர் ஊரில் இருந்த அவன் அக்கா மார்லிஸின் இடது உள்ளங்கையில் வந்து விழுந்தது. பந்து வரவில்லை. அது அங்கேயே மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்காரும் அவன் அணியின் கேட்சர் கையுறைக்குள் போய் அடங்குவதை டிவியில் யாரும் பார்க்கலாம். அடி மட்டும்தான் இங்கே வரும். பட்டென்று சத்தம் கேட்கும், கை கொஞ்சம் பின்னுக்குப் போகும், தோல் சிவக்கும். சிறு வயதில் அவன் வேகத்துக்குப் பயந்து வேறு யாரும் பிடிக்க முன்வராததால் வீட்டுக் கொல்லையில் மார்லிஸ்தான் அவனுக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பதைத் தவிர இதற்குக் காரணம் எதுவும் எங்களுக்குத் தெரியாது. பதினெட்டு வயதில் அவன் தெற்கே ஒரு சின்ன லீக்கில் சேரப் போனான். அவன் முதல் ஆட்டத்தன்று மார்லிஸ் தன் சோபா உறைக் கடையில் ஒரு படகு இருக்கைக்கு உறை அளந்துகொண்டிருந்தாள். சத்தம் கேட்டு வாடிக்கையாளர் திரும்பிப் பார்த்து ஏதாவது உடைந்துவிட்டதா என்று கேட்டார். டாக்டர் கையைப் புரட்டிப் பார்த்து ஐஸ் வைக்கச் சொன்னார். லூத்தரன் சர்ச் போதகர், இதற்கென்று தனியாக ஜெபம் இல்லை, பொதுவாகக் கைகளுக்கு உள்ளதைச் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

வருஷங்கள் போகப் போக அடியோடு வேறு சிலவும் வர ஆரம்பித்தன. தெற்கத்தி மைதானங்களின் செம்மண் அவள் விரலிடுக்கில் படிந்தது. மேற்குக் கடற்கரையில் ஒரு பெரிய அணி அவனை எடுத்துக்கொண்ட பிறகு, அவன் எறியும் நாட்களில் கடையின் ஜன்னல் கண்ணாடியில் உப்புப் பூத்தது. கூரைக்கு அடியில் கடற்பறவைகள் கத்தும் சத்தம் கேட்டது. பறவை ஒன்றும் இருக்காது. ஹெஸ்பருக்கு ஆறு உண்டு, கடல் கிடையாது. ஜூலை மத்தியானங்களில் தபாலாபீசுக்குப் போகிற பெண்கள் மார்லிஸ் கடை வாசலில் நடையைத் தளர்த்தி, ஈரமான அந்தக் காற்றை ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு போவார்கள். அப்படிப் போய்வந்த இரவுகளில் அவர்களுக்குத் தூக்கத்தில் அலை வந்தது என்று சொல்வார்கள். மார்லிஸுக்கு அந்த நாட்களில் ஊசி பிடிக்க முடியாது. ஐந்து நாளைக்கு ஒருமுறை கடை அரை நாள்தான் என்று ஊர் பழகிக்கொண்டது.

மார்ச் கடைசியில் ஆற்றில் பனிக்கட்டி உடைகிற சனிக்கிழமை, வெர்னாவின் சாராயக்கடைப் பின்னறையில் எங்கள் கற்பனை லீக்கின் ஏலம் நடக்கும். மார்லிஸையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். ஆளுக்கு இருநூற்று அறுபது டாலர், கையில் இல்லாத டாலர். அதை வைத்து நிஜ ஆட்டக்காரர்களை ஏலம் எடுப்போம். அவர்கள் நிஜ மைதானத்தில் செய்வதெல்லாம் எடுத்தவர் கணக்கில் புள்ளியாக ஏறும். மட்டை பிடிப்பவனுக்கு விலை வைப்பது சுலபம். அவன் தினமும் ஆடுகிறான், இன்று சொதப்பினால் நாளை சரிக்கட்டுவான். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பந்துவீச்சாளன் அப்படியில்லை. ஐந்து நாளைக்கு ஒருமுறை வருகிறான், அவன் முழு மதிப்பும் ஒரே ஒரு முழங்கையில் தொங்குகிறது. போன வருஷ எண்கள் போன வருஷத்தைத்தான் சொல்லும். இதில் எங்களில் கெட்டிக்காரர் ட்வைட் பெல்கி, ஆலங்கட்டி மழைக்குப் பயிர்க் காப்பீடு விற்பவர், மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தவர். எத்தனை பேரை அவுட்டாக்கினான், மோசமாக எறிந்து எத்தனை பேரை ஓசியில் முதல் பேஸுக்கு அனுப்பினான், மைதானம் பெரிதா சிறிதா, பின்னால் நிற்பவர்கள் ஓடிப் பிடிப்பவர்களா என்று மனதுக்குள் கூட்டிக் கழித்து ஒரு விலைக்கு வருவார். அதற்கு மேல் ஒரு டாலர் கேட்கச் சொன்னாலும் கேட்கமாட்டார்.

ரோலண்ட் பெரிய லீக்குக்கு வந்த வருஷமே பெல்கி ஆட்சேபம் எழுப்பினார். மார்லிஸ் கையில் இருப்பது மற்றவர்களுக்குக் கிடைக்காத தகவல், இது நியாயமில்லை என்றார். வெர்னா யோசித்து விதி செய்தாள்: ரோலண்ட் பெயர் வரும்போது மார்லிஸ் தன் உள்ளங்கையை மேசையைச் சுற்றிக் காட்ட வேண்டும், கைக்கு உரியவர் ஏலம் கேட்கக் கூடாது. அன்றிலிருந்து வருஷா வருஷம் பயிற்சி ஆட்டங்கள் பாதி முடிந்திருக்கும் சமயத்தில் அந்தக் கை எங்களைச் சுற்றி வந்தது. சந்தையில் மீன் செவுளைப் பார்ப்பதுபோல ஆளாளுக்குப் பார்த்தோம். முதல் வருஷம் லேசான சிவப்பு, மூன்று டாலருக்குப் போனான். பிறகு ஒன்பது. பிறகு இருபதுகளில். அவன் உச்சத்தில் இருந்த வருஷம் உள்ளங்கை கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது, ஓரத்தில் வெடித்திருந்தது; வெர்னா அதன்மேல் பிராந்தி ஊற்றினாள். முப்பத்தொன்று. பெருநகரப் பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்து வேடிக்கையாக எழுதிப் போனார். அதற்குப் பிறகு ஹெஸ்பர் விலை என்ன என்று ஒவ்வொரு வசந்தத்திலும் பத்திரிகையில் வந்தது. ரோலண்டின் அணி அலுவலகத்தில் அதை முதலில் சிரித்துக்கொண்டே படித்தார்கள். பிறகு சிரிக்காமல் படித்தார்கள்.

அவன் முப்பதைத் தாண்டிய பின் ஒரு மார்ச்சில் மார்லிஸின் கை வலிக்கவில்லை. அடி வந்தது, ஆனால் வந்து உட்கார்ந்தது. பெரிய நாற்காலிக்குத் தோல் உறை மாட்டிக்கொண்டே அவள் அதை வாங்கிக்கொண்டாள், ஊசியைக் கீழே வைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஜன்னலில் உப்பு இல்லை. ஏலத்துக்கு முந்தைய வியாழக்கிழமை அவன் ஃபோன் பண்ணினான்.

"மார்லி, இந்த வருஷம் கையைக் காட்டாதே."

"ஏன், என் கைக்கு என்ன?"

"உனக்குத் தெரியும்."

"முழங்கையா?"

"அக்டோபர்ல ஒப்பந்தம் முடியுது. இந்த ஒரு சீசனைத் தள்ளிட்டா புதுசா போட்டுருவாங்க. அப்புறம் வெட்டட்டும், தைக்கட்டும், என்ன வேணா பண்ணட்டும்."

"அக்டோபர் வரைக்கும் தாங்காது ரோலி. நேத்து வந்தது பந்தே இல்ல. நனைஞ்ச துணியாட்டம் வந்து விழுந்துச்சு."

"இங்க யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டயும் நான் சொல்லல. நீயா கண்டுபிடிச்சே. காட்டினேன்னா அதோட எனக்கு அக்கான்னு யாரும் கிடையாது."

அவன் ஃபோனை வைத்துவிட்டான். மார்லிஸ் அன்று நாற்காலி உறையை உள்புறம் வெளியே வரும்படி தைத்து, பிரித்து, மறுபடியும் அதே மாதிரி தைத்தாள். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. பணம் வைத்திருக்கத் தெரியாது. அந்தக் கை போய்விட்டால் அவன் என்னவாக இருப்பான் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்தக் கை போவதற்குத் தானும் துணை நின்றோம் என்பதை அதைவிட நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை அவள் கையுறையோடு வந்தாள். வெளியே பனிக்கட்டிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஆற்றில் போகும் சத்தம் அறைக்குள் கேட்டது. வெர்னா ரோலண்ட் பெயரைச் சொன்னதும் மார்லிஸ் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை விரித்தாள். தூங்குகிற குழந்தையின் கைபோல வெளுப்பாக, சுருக்கமே இல்லாமல் இருந்தது. அது மேசையைச் சுற்றி வந்தபோது யாரும் அதைத் தொடவில்லை.

"யார் ஆரம்பிக்கறீங்க?" என்றாள் வெர்னா. நாங்கள் எங்கள் பீர் கோப்பைகளைப் பார்த்தோம். அவள் இரண்டாவது முறை கேட்டாள். யாரும் கேட்காவிட்டால் ஆளை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவது வழக்கம். அடுத்த பெயரை அவள் சொல்ல வாயெடுத்தபோது பெல்கி தொண்டையைச் செருமினார்.

"ஒரு டாலர்."

"என்னய்யா, கணக்கு மறந்துபோச்சா?" என்றான் யாரோ.

"கணக்குப்படி ஒண்ணுமே இல்ல. இந்த அறையில ஹாகன் பேரைக் கேட்டு ஒருத்தரும் வாய் திறக்கலன்னு பேப்பர்ல வரவேண்டாம். அவ்வளவுதான்."

மார்லிஸ் கையுறையை மாட்டிக்கொண்டாள். பத்திரிகையில் ஒரு டாலர் என்று வந்தது. அடுத்த வாரமே அணி அவன் முழங்கையைப் படம் எடுத்தது. தசைநார் ஒரு நூலில் நின்றுகொண்டிருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ரோலண்ட் சொன்னபடியே செய்தான். கிறிஸ்துமஸுக்கும் ஃபோனை எடுக்கவில்லை. மார்லிஸ் அந்த வருஷம் முழுக்க இரண்டு கையாலும் தைத்தாள். பாக்கி வேலையெல்லாம் தீர்ந்தது. படகு இருக்கைகள் சொன்ன தேதிக்கு முன்பே தயாராயின. கடை வாசலில் பெண்கள் பழக்கத்தில் நடையைத் தளர்த்தி, வெறும் துணி வாசனையை இழுத்துக்கொண்டு போனார்கள். உள்ளங்கைத் தோல் மிருதுவாகிவிட்டதால் காபிக் கோப்பையின் சூடுகூட அவளுக்குச் சுட்டது.

எடுத்த ஆளை அதே விலைக்கு இன்னொரு வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்று எங்களுக்கு ஒரு விதி உண்டு. பெல்கி ரோலண்டை வைத்துக்கொண்டார். எறியாத ஆளுக்கு ஓர் இடத்தை வீணாக்குகிறார் என்று கேலி செய்தோம். அந்தக் கோடையில் ஒருநாள் உறைந்த பட்டாணிப் பொட்டலத்தைக் கையில் சுற்றிக்கொண்டு அவர் மார்லிஸின் கடைக்கு வந்தார்.

"கார் கதவுல நசுக்கிக்கிட்டீங்களா?"

"இல்ல. நேத்து ஒரு விவசாயிக்குப் பாலிசி விளக்கிட்டு இருந்தேன். திடீர்னு பட்டுனு விழுந்துச்சு. அப்புறம் நிக்கவே இல்ல. அந்தாளு பயந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டான்." அவர் பட்டாணியை எடுத்துவிட்டு இடது கையை நீட்டினார். "உங்களுக்கு வர வேண்டியது. எனக்கு ஏன் வருதுன்னு தெரியல. மன்னிச்சுக்குங்க."

மார்லிஸ் அந்தக் கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பேனாவைத் தவிர எதையும் பிடிக்காத கை. நன்றாக வீங்கியிருந்தது. விரலிடுக்கில் செம்மண். அவள் அதை விரலால் துடைத்து முகர்ந்து பார்த்தாள். வெகுநேரம் கையை விடவில்லை.

"எறியறான்," என்றாள்.

ஒரு டாலரானாலும் எடுத்தவர் அவர்தான், அதனால்தான் மாறியது என்றாள் வெர்னா. கோபத்தில் இருக்கிறவன் அக்கா கைக்கு எறிவானா என்றார் தபால்காரர். இரண்டுக்கும் ஆள் இருந்தார்கள். எப்படியானாலும், ஐந்து நாளைக்கு ஒருமுறை மார்லிஸ் பெல்கியின் அலுவலகத்தில் போய் உட்கார ஆரம்பித்தாள். அவருக்கு வலி மட்டும்தான் தெரிந்தது. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தோல் அதிர்வதைப் பார்த்தே இது வேகப்பந்து, இது வளைந்து வந்தது, இது கை வழுக்கிப் போனது என்று சொல்வாள். செப்டம்பரில் ஒருநாள் காப்பீட்டு அலுவலகத்தின் கோப்பு அலமாரிமேல் மெல்லிய பனிமூட்டம் இறங்கியது. அவனை மறுபடியும் கடற்கரைப் பக்கம் ஓர் அணி எடுத்திருக்கிறது என்று அவர்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

அடுத்த மார்ச்சில் ரோலண்ட் திரும்பவும் ஏலத்துக்கு வந்தான். சுற்றி வந்தது பெல்கியின் கை. விதிப்படி பெல்கி கேட்கக் கூடாது. "மார்லிஸ் கை சும்மாதானே இருக்கு? அவ கேக்கலாம்," என்று வெர்னா தீர்ப்புச் சொன்னாள். ஐந்தில் ஆரம்பித்தது. எட்டு, பத்து என்று போனது. மார்லிஸ் எல்லோரையும்போல அந்தக் கையை ஒருமுறை பார்த்தாள். பார்க்கத் தேவையே இல்லை, அவளுக்கு அது மனப்பாடம். பன்னிரண்டு, பதின்மூன்று. "பதினாலு," என்றாள். அதற்கு மேல் யாரும் போகவில்லை. அத்தனை வருஷத்தில் அவள் தன் தம்பியை எடுத்தது அதுதான் முதல் தடவை. அடி பெல்கி கைக்கு மாறிவிட்டது, எடுத்தது அக்கா என்று பத்திரிகையில் வந்தது.

எடுத்தவருக்குத்தான் அடி வரும் என்று பந்தயம் கட்டியவர்கள் தோற்றார்கள். ஏப்ரலில் முதல் ஆட்டத்தன்று மத்தியானம் காப்பீட்டு அலுவலகத்தில், மார்லிஸின் இடது கை மடியில் சும்மா கிடக்க, பெல்கியின் கைதான் பின்னுக்குப் போனது. வலி எனக்கு, புள்ளி உங்களுக்கா என்று அவர் முனகினார். ஆறாவது சுற்றில் அவனை வெளியே எடுத்து வேறொருவனை இறக்கினார்கள். மேசையெல்லாம் உப்பு. அவள் ஐஸ் எடுக்க எழுந்தபோது ஃபோன் அடித்தது. பெல்கி வலது கையால் எடுத்து, கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு வலிக்குதுன்னு மட்டும்தான் தம்பி தெரியும். அதுல என்ன வந்துச்சுன்னு தெரிஞ்சவங்க இங்கதான் இருக்காங்க," என்று சொல்லி ஃபோனை மார்லிஸிடம் நீட்டினார்.

அந்தப் பக்கம் ரோலண்ட். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, பெல்கியின் உள்ளங்கையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"மூணாவது சுற்றுல முழங்கையைத் தாழ்த்தறே," என்றாள். "வலிக்கும்னு பயந்துக்கிட்டு எறியறே. வலிக்கலதானே?"

"இல்ல," என்றான் ரோலண்ட். "இங்க எல்லாரும் பிரமாதம், பிரமாதம்னே சொல்றாங்க."

"பிரமாதம் ஒண்ணும் இல்ல. நல்லா இருந்துச்சு."

"எவ்வளவுக்கு எடுத்தே?"

"பதினாலு."

"அவ்வளவு பெறுவேனா மார்லி?"

"ஆகஸ்ட் வரைக்கும் பெறுவே," என்றாள் அவள். "அப்புறம் பாக்கலாம்."

அன்றிலிருந்து ஹெஸ்பரில் ஐந்து நாளைக்கு ஒருமுறை சோபா கடையும் காப்பீட்டு அலுவலகமும் சேர்ந்தே மத்தியானத்தோடு மூடின. ஆலங்கட்டி மழை பெய்தாலும் விவசாயிகள் மறுநாள்தான் வந்தார்கள்.