களவெடுத்த மூன்று கொப்பு

பண்டத்தரிப்பில் சோமசேகரத்தின் வெங்காயத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடாதவர்கள் குறைவு. தண்ணீர் இறைத்த நாள், எரு போட்ட நாள் எல்லாம் கொப்பியில் எழுதி வைத்துத் தோட்டம் செய்கிறவன். அப்படிப்பட்டவன் ஒரு சாண் உயரச் செடியிடம் மூன்று தடவை தோற்றுப்போனான்.

அது தைம் என்ற வாசனைச் செடி. பக்கத்து வளவு மார்கிரட் ரீச்சர் வீட்டில் ஒரு சட்டியில் நின்றது. ஊரில் வேறெங்கும் இல்லை. ரீச்சர் அதைக் கோழி பொரிக்கும்போது போடுவார். சோமசேகரத்தின் மனைவி குணலட்சுமி ஒருநாள் தேங்காய்ப்பால் சொதியில் போட்டுப் பார்த்தாள். அந்தச் சொதியைப் பற்றி வீட்டில் இப்போது யாரும் கதைப்பதில்லை. ஆனால் போன மார்கழிப் பனியில் அவளுக்கு இருமல் பிடித்தபோது, சண்டையால் கடையில் இருமல் பாணியும் கிடைக்காத அந்த நாட்களில், இந்த இலை அவித்த தண்ணீர்தான் தொண்டையைத் திறந்துவிட்டது. கோயிலில் மார்கழி விடியற்பூசைக்குப் பாடுகிறவள் அவள். ஒரு வருசமும் தவறவிட்டதில்லை.

இப்போது ரீச்சர் கொழும்புக்குப் போகப்போகிறார். ஊரைவிட்டு வெளியேறத் தேவையான பாஸ் கிடைத்துவிட்டது. செடியைச் சட்டியோடு கன்னியர் மடத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லியாயிற்று.

"கொப்பு எவ்வளவு வேணுமெண்டாலும் முறிச்சுக்கொண்டு போம், தம்பி" என்றார்.

முறித்துக்கொண்டு வந்தான். ஆட்டெரு கலந்த மண்ணில் நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் வார்த்தான். மூன்று முறையும் கொப்பு கறுத்து அழுகியது. கொப்பியைப் புரட்டிப் பிழை தேடினான். ஒருநாளும் தண்ணீர் தவறவில்லை. அப்படியென்றால் தன் கைதான் சரியில்லை என்று முடிவுகட்டினான்.

"கையிலை ஒண்டுமில்லை. கேட்டு வாங்கின கன்று பிடிக்காது. களவெடுக்க வேணும்" என்றாள் குணலட்சுமி. பூங்கன்றுகளுக்கு ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

"நானோ? களவோ?"

"பின்னை நானே வேலி பாயிறது?"

இரண்டு நாள் யோசித்தான். பிறகு நேரே ரீச்சரிடம் போனான். "ரீச்சர், உங்கடை தைமிலை கொஞ்சம் களவெடுக்கலாமோ?"

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "கேட்டுப்போட்டு எடுத்தா அது என்ன களவு? போம், போம். என்ரை காதிலை ஒண்டும் விழேல்லை."

ஞாயிற்றுக்கிழமை ரீச்சர் பூசைக்குப் போன நேரம் பார்த்து வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்தான். மூன்று கொப்பு முறித்ததுதான் தாமதம், படலையில் சைக்கிள் மணி. ரீச்சரின் தம்பி செபநாயகம்! வந்த வழியே பாய்ந்தான். சேட்டு கிழிந்தது. தன் கிணற்றடியில் முருங்கை நிழலில் கிடந்த கல்லுக் குவியலுக்குள் கொப்புகளைச் செருகிவிட்டு நிமிர, வேலிக்கு மேலே செபநாயகத்தின் தலை.

"என்ன சோமு, நல்ல வாசமா நிக்கிறாய்? அத்தரோ?"

"வெங்காயம், அண்ணை."

"எங்கடை வெங்காயம் இப்பிடி மணக்கிறேல்லையே!"

அந்தக் குவியல் ரீச்சரின் குசினி யன்னலுக்கு நேரே இருந்தது. வாளியோடு போனால் கண்டுவிடுவார்; கண்டால் களவு களவாகாது. அந்தப் பயத்தில் சோமசேகரம் மூன்று கிழமை அந்தப் பக்கம் திரும்பவில்லை. குளிக்கும்போது தெறித்த துளிகளோடு சரி. இதுவும் போச்சு என்றே நினைத்தான்.

பயணம் சொல்ல வந்த ரீச்சர்தான் முதலில் கண்டார்.

"அட, தளிர் விட்டிருக்கு! எத்தினை தரம் தண்ணி விட்டனீர்?"

"விடேல்லை ரீச்சர். நீங்கள் கண்டிடுவியள் எண்டு..."

"கண்டிருந்தா ஓடிவந்து வாளியைப் பறிச்சிருப்பன். உதுக்குத் தண்ணி கூடக்கூடாது. எருவும் ஆகாது."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே!"

"ஊருக்கே வெங்காயம் வளக்கிற ஆளுக்கு நானோ சொல்லுறது?" ரீச்சர் சிரித்த சிரிப்பில் குடை கீழே விழுந்தது.

"களவெண்டபடியாத்தான் பிடிச்சது" என்று குணலட்சுமி விடாமல் சாதித்தாள். தண்ணீரா, களவா என்று அவனுக்கு இன்னும் நிச்சயமில்லை. கொப்பியில் அந்த இடத்தை வெறுமையாக விட்டான்.

மார்கழி பிறந்த மூன்றாம் நாள் அவள் இருமத் தொடங்கினாள். அவன் ஒரு கொப்பின் நுனியைக் கிள்ளி அவித்துக் கொடுத்தான். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தாள். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும்.

இருமல் தொடங்கி நாலாம் நாள் விடிய, கிணற்றுத் துலாக் கயிற்றைப் பிடித்தபடி அவன் கோயில் பக்கம் காது கொடுத்து நின்றான். அவள் குரல் வந்தது. நடுவில் ஓரிடத்தில் நின்றது. சோமசேகரமும் மூச்சை நிறுத்தினான். பிறகு அது முன்னிலும் மேலே ஏறிப் போனது.