மேலங்கியில் போட்ட நான்கு தையல்

ஒன்பதாவது டேக்கிலும் ராணியின் மேலங்கி தோளிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்துபோய் விளக்குக் கம்பத்தில் தொங்கியது. யூனிட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இயக்குநர் சிரிக்கவில்லை.

மூன்று நிலாக்கள் உள்ள ஒரு கிரகத்தின் ராணி, உடைந்துபோன தன் விண்கப்பலின் பாயைக் கிழித்துப் போர்த்திக்கொண்டு, இரும்புச் சிறகு முளைத்த காவலனோடு வாள் சண்டை போடுகிறாள். படத்தில் மந்திரமும் உண்டு, ராக்கெட்டும் உண்டு. வாளிலிருந்து கிளம்பும் நீல நெருப்பைப் பிறகு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்வார்கள். இப்போதைக்கு அது பச்சைத் தாள் சுற்றிய அலுமினியக் குழாய். சண்டையை அமைத்தவர் மாஸ்டர். உடைகளெல்லாம் அவருடைய அக்காவின் கைவேலை. இருவரும் சேர்ந்து செய்கிற ஏழாவது படம். “அக்கா துணிய வெட்டுவாங்க, தம்பி ஆளை வெட்டுவாரு” என்பது யூனிட்டில் பழைய ஜோக்.

அந்த மேலங்கி லேசுப்பட்ட துணி இல்லை. செம்புக் கம்பியை நூலோடு சேர்த்து நெய்தது. வெளிச்சம் பட்டால் தண்ணீர் மாதிரி நெளியும், கனமும் அதிகம். அதனால்தான் அக்கா அதைத் தோள் கவசத்தோடு சேர்த்துத் தைக்கவில்லை. பக்கத்துக்கு மூன்றாக ஆறு பிரஸ் பட்டன் வைத்திருந்தாள். எங்கேயாவது மாட்டி இழுத்தால் பட்டன் தெறித்து மேலங்கி தனியாக வந்துவிடும், ஆள் தப்பித்துக்கொள்ளலாம். ஸ்பிரிங் தராசின் கொக்கியில் மாட்டி, எவ்வளவு இழுத்தால் தெறிக்கிறது என்று ஒவ்வொரு பட்டனையும் அவளே சோதித்திருந்தாள்.

ஆனால் அன்று காலை இயக்குநருக்குத் திடீரென்று சுழல் மேடை வேண்டியிருந்தது. மேடை ஒரு பக்கம் சுற்ற, ராணி எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். அந்த வேகத்துக்குப் பட்டன் தாங்கவில்லை. அரங்கத்தை மறுநாள் பிரிக்கப்போகிறார்கள்.

“மாஸ்டர், ஏதாவது பண்ணுங்க. என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியவேணாம். துணி தோள்லயே இருக்கணும்” என்றார் இயக்குநர்.

அக்கா பக்கத்து அரங்கில் இருநூறு படைவீரர்களுக்குக் கவசம் மாட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் வர அரை மணி நேரமாகும். வந்தால் முடியாது என்பாள், அதுவும் மாஸ்டருக்குத் தெரியும். வாளின் கைப்பிடியில் தோல் தைப்பதற்காகப் பையில் எப்போதும் தடித்த ஊசியும் நைலான் நூலும் வைத்திருப்பார். விளக்கை மாற்றிக்கொண்டிருந்த இடைவெளியில், ராணிக்கு டூப் போடுகிற பெண்ணைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப்போனார். துள்ளித் துள்ளி நடப்பதால் எல்லோருக்கும் அவள் வெட்டுக்கிளி. தோளுக்கு இரண்டாக நான்கு தையல் போட்டார்.

“அக்காகிட்ட சொல்லிட்டீங்களா மாஸ்டர்?” என்று கேட்டாள் அவள்.

“சொல்லிட்டேன்மா.”

அவள் தலையாட்டிவிட்டு மேடைக்குப் போனாள். அவர் சொன்னால் அவளுக்கு வேறு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பத்தாவது டேக்கில் எல்லாம் பிரமாதமாக வந்தது. சண்டையின் பதினேழாவது அடியில் அவள் குனிந்து சுழன்றாள். மேலங்கி விசிறி மாதிரி விரிந்தது. அதன் ஓரம் சுழல் மேடைக்கும் தரைக்கும் நடுவிலிருந்த நாலு விரல் இடுக்கில் நுழைந்தது. பட்டன்கள் தெறித்தன, தையல் தெறிக்கவில்லை. கழுத்துப் பட்டையோடு அவளைப் பின்னால் இழுத்து, மேடையின் இரும்பு விளிம்பில் அடித்தது. மோட்டாரை நிறுத்த நான்கு விநாடி ஆனது. அந்த நான்கு விநாடியும் மாஸ்டர் “கட், கட்” என்று கத்திக்கொண்டிருந்தார். இயக்குநர் சொல்ல வேண்டிய வார்த்தை அது.

*

கழுத்தெலும்பில் முறிவு என்றார்கள். மூச்சுக்குக் குழாய் போட்டிருக்கிறது, பேச முடியாது, இரண்டு மூன்று நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். வெட்டுக்கிளியின் புருஷன் பஸ் ஓட்டுகிறவர். ஓட்டிக்கொண்டிருந்த வண்டியைப் பாதியிலேயே வேறு டிரைவரிடம் கொடுத்துவிட்டு, காக்கிச் சட்டையோடு ஓடி வந்திருந்தார். அவர் மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இருக்கீங்கன்னுதான் நான் தைரியமா அனுப்புவேன் மாஸ்டர்” என்றார். அந்தக் கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, விட்டுவைக்கவும் முடியவில்லை.

பேச முடியாது என்று டாக்டர் சொன்ன நொடியில் மாஸ்டரின் மனதில் ஒன்று ஓடியது. ‘அப்பாடா.’ அந்த ஒரே வார்த்தைதான். அது தனக்குள்ளிருந்து வந்தது என்று தெரிந்ததும் எழுந்துவிட்டார். கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

திரும்பி வந்தபோது அக்கா வந்திருந்தாள். தோளில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

“பட்டன் ஏன்டா விடல?” என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. “ஆறையும் நான் இழுத்துப் பாத்தேன்டா. என் கையாலயே பாத்தேன். உள்பக்கத் துணி சிக்கியிருக்குமா? கழுத்துப் பட்டைய நான் கொஞ்சம் இறக்கி வெச்சிருக்கணுமோ? நீ பக்கத்துலதானே இருந்த. என்னத்தப் பாத்த?”

“எல்லாம் ஒரு செகண்ட்ல முடிஞ்சிருச்சுக்கா.”

“நாளைக்குக் காலைல விசாரணையாம். மேனேஜர் சொன்னாரு. அவ உடைய வெட்டி எடுத்துப் பையில போட்டுக் குடுத்துட்டாங்க. நம்ம ரூம்ல வெச்சுப் பூட்டிட்டு வந்தேன். இன்னும் பிரிச்சுக்கூடப் பாக்கல. பாக்கத் தெம்பில்ல.”

“சாவியக் குடுக்கா” என்றார் மாஸ்டர். “நான் போய் நீ பட்டன் சோதிச்சு எழுதின நோட்டெல்லாம் எடுத்துட்டு வரேன். நீ இங்க இரு.”

அக்கா மறுபேச்சு பேசாமல் சாவியைக் கொடுத்தாள். போகிற போக்கில் அவர் முதுகைத் தட்டி, “நீ உடைஞ்சு போகாத” என்றாள்.

உடை அறையில் சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக நீளமாக விழுந்திருந்தது. தலையில்லாத பொம்மைகள் கவசம் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. மேஜை மேல் பை. கட்டை அவிழ்த்தார். கவசத்தின் முன்பக்கத்தை ஆஸ்பத்திரியில் வெட்டியிருந்தார்கள். தோள்பட்டை அப்படியே இருந்தது. நான்கு தையலும் கல்லு மாதிரி இருந்தன. நல்ல தையல். தொழில் தெரிந்த கை போட்ட தையல்.

கத்தரிக்கோலை எடுத்தார். முதல் நூலை வெட்டும்போது துணியும் நுனியளவு கிழிந்தது. நான்கையும் உருவினார். தெறித்திருந்த பட்டன்களை, விடவே இல்லாதது மாதிரி, திரும்ப அழுத்தி மாட்டினார். நூலைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, சாக்கடைக் கம்பிக்குள் தள்ளிவிட்டார். அக்காவின் நோட்டை எடுக்க மறந்துபோய், பாதி வழியில் திரும்பி ஓடினார்.

*

விசாரணை மறுநாள் பத்து மணிக்கு. நீள மேஜையின் ஒரு பக்கம் புரொடக்‌ஷன் மேனேஜர், வக்கீல், இயக்குநர். இன்னொரு பக்கம் அக்காவும் மாஸ்டரும். நடுவில் மேலங்கி, ஏதோ செத்த மிருகம் மாதிரி கிடந்தது.

அக்கா ஸ்பிரிங் தராசைக் கொண்டுவந்திருந்தாள். எல்லோர் முன்னாலும் ஒவ்வொரு பட்டனாக மாட்டி இழுத்தாள். டப், டப் என்று ஆறும் விட்டுக்கொடுத்தன.

“இப்ப விடுதுங்க. நேத்து விடல” என்றார் வக்கீல் மெதுவாக. “அப்படித்தானே எழுதணும்?”

“மாஸ்டர், மேடைக்குப் போறதுக்கு முன்னாடி உடைல எதையாவது மாத்தினீங்களா?” என்று மேனேஜர் கேட்டார். சம்பிரதாயத்துக்குக் கேட்ட கேள்வி. கேட்கும்போதே பேனாவின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

மாஸ்டர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் தன் கைப்பேசியைப் பார்த்தார்.

“இல்ல” என்றார் மாஸ்டர்.

“அப்ப உடையோட குறைன்னு வருது. கையெழுத்துப் போட்டுருங்கம்மா. மேற்கொண்டு நாங்க பாத்துக்கறோம்.”

அக்கா காகிதத்தை எடுக்கவில்லை. மேலங்கியைப் புரட்டி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். பஞ்சுத் துணியானால் ஊசி போன ஓட்டை அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொள்ளும். செம்புக் கம்பி மூடாது. தோள் ஓரத்தில் வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் நான்கு. ஒரு பொட்டின் பக்கத்தில் கத்தரியின் கடி. அக்காவின் தையலறையில் அவ்வளவு தடித்த ஊசியே கிடையாது.

அவள் கை அங்கேயே நின்றது. மெதுவாகத் தலையைத் திருப்பித் தம்பியைப் பார்த்தாள். கோபத்தைவிட, வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கிறவர்களின் பார்வைதான் அதில் இருந்தது.

அக்கா மேலங்கியை மடித்து வைத்தாள். ஓரங்கள் சேர்கிற மாதிரி, வழக்கம்போல ஒழுங்காக மடித்தாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

“எங்க போடணும்?” என்று கேட்டாள்.

மாட்டிக்கொள்வோமோ என்று ராத்திரி முழுக்கப் பயந்தவர்தான் அவர். கத்துவாள், சட்டையைப் பிடிப்பாள் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தார். தெரிந்தே அவள் கையெழுத்துப் போடுவாள் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

“போடாதக்கா.” குரல் எங்கிருந்தோ வந்தது. “நான்தான் தைச்சேன். நாலு தையல். நேத்து வந்து நான்தான் பிரிச்சேன்.”

“மாஸ்டர், யோசிச்சுப் பேசுங்க” என்றார் மேனேஜர். “உங்க மேல கேஸ் வரும்.”

“அக்காகிட்ட சொல்லிட்டீங்களான்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. சொல்லிட்டேன்னு சொன்னேன். அதையும் எழுதிக்குங்க.”

இயக்குநர் எழுந்து, ஒரு போன் பேச வேண்டும் என்று வெளியே போனார். திரும்பி வரவில்லை.

*

ஆஸ்பத்திரியில் வெட்டுக்கிளியின் புருஷனிடம் முதலில் சொன்னார். அவர் பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். கேட்டு முடிப்பதற்குள் பிஸ்கட் ஊறி டீக்குள் விழுந்துவிட்டது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் மாஸ்டருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?” என்றார் கடைசியில். “அவ முழிச்சுட்டா. போய் அவகிட்டயே சொல்லுங்க.”

உள்ளே அவளுடைய கழுத்தைச் சுற்றிக் கெட்டியான பட்டை போட்டிருந்தார்கள். வாயில் குழாய். கண் மட்டும் அசைந்தது. அவரைப் பார்த்ததும் அந்தக் கண்ணில் ஒரு சந்தோஷம் வந்தது, அதுதான் அவரைக் கொன்றது. கட்டில் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அக்காவுக்குத் தெரியாது என்றார். பொய் சொன்னேன் என்றார். நூலை வெட்டிச் சாக்கடையில் போட்டதைக்கூட விடவில்லை.

முகத்தைத் திருப்பிக்கொள்ள அவளால் முடியாது. அதனால் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் அரை மணி நேரம் நின்றார். அவள் திறக்கவில்லை. கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்க அவளுக்குக் கை எழும்பவில்லை, துடைத்துவிட இவருக்குத் துணிச்சல் வரவில்லை. நர்ஸ் வந்து துடைத்துவிட்டு, “நீங்க வெளிய இருங்க” என்றாள்.

கேஸ் நடந்தது. சண்டைக் கலைஞர்கள் சங்கம் அவருடைய உறுப்பினர் கார்டைப் பறித்தது. படத்துக்கு வேறு மாஸ்டர் வந்தார், சண்டையை மேலங்கி இல்லாமலே எடுத்தார்கள். அக்கா இரண்டு மாதம் தம்பியோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் போன் செய்து, “வீட்ல சும்மா உக்காந்து சுவத்தப் பாக்காத. வந்து துணி இஸ்திரி போடு” என்றாள். அவ்வளவுதான். அவர் போனார். தையல் மெஷின் பக்கம் அவரை அவள் விடவில்லை, அவரும் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் வெட்டுக்கிளி கைத்தடி ஊன்றிக்கொண்டு மாடியேறி அக்காவின் கடைக்கு வந்தாள். கழுத்துப் பட்டை உராய்ந்து தோல் சிவந்திருந்தது. அதற்கு மெத்தென்று ஒரு உறை தைத்துத் தருவதாக அக்கா சொல்லியிருந்தாளாம். உள்ளே இஸ்திரிப் பெட்டியோடு நின்றவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். துள்ளலெல்லாம் போய், இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள்.

அக்கா அளவெடுத்து முடித்தாள். கிளம்பும்போது வெட்டுக்கிளியே ஆரம்பித்தாள்.

“மாஸ்டர்னு கூப்பிட வாய் வரல. வேற எப்படிக் கூப்பிடறதுன்னும் தெரியல.”

“ஒண்ணும் கூப்பிட வேணாம்மா.”

“இனி வாள் பிடிக்க முடியாதுன்னுட்டாங்க. தெரியுமா?”

“தெரியும்.”

“உங்கள மன்னிக்கல. அதையும் தெரிஞ்சுக்குங்க.”

அவர் தலையாட்டினார். கண்ணைத் தாழ்த்தினால் தப்பித்துக்கொள்வது மாதிரி ஆகிவிடும் என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே படி செங்குத்து. பிடித்துக்கொள்ள ஒரு பக்கம்தான் கம்பி. அவள் மேல்படியில் நின்று கீழே பார்த்தாள். அக்கா உள்ளே போனில் இருந்தாள்.

“இங்க வாங்க” என்றாள். அவர் கை நீட்டினார். அவள் பிடிக்கவில்லை. கைத்தடியால் கீழ்ப்படியைக் காட்டினாள்.

“முன்னால இறங்குங்க. விழுந்தா உங்க மேல விழறேன்.”

அவர் இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து, அவள் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக இறங்க ஆரம்பித்தார்.