மனிச முகம் காணாத பின்னேரம்

ஸ்கொட்லாந்து மலைநாட்டில் ஒரு கிழமை வான் வண்டியில் திரிந்த கதையை யோசேப் ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தலைமன்னாரில் அதைக் கேட்காதவர்கள், அதற்குப் பிறகு பிறந்தவர்கள்தான்.

“ஏழு நாள், ஒரு மனிச முகம் காணேல்லை. மலை, மூடுபனி, செம்மறி. அப்பதான் எனக்குள்ள இருக்கிற யோசேப்பைச் சந்திச்சனான்” என்பார். அந்த ஏழு நாளும் பக்கத்திலிருந்து சமைத்துப் போட்ட மனைவி பெற்றிசியாவின் முகம் கணக்கில் வராது.

ஓய்வு பெற்று லண்டனிலிருந்து ஊரோடு வந்தவர், அதேமாதிரி ஒரு வானைக் கொழும்பில் கண்டுபிடித்துவிட்டார். உள்ளே கட்டில், அடுப்பு, மின்விசிறி; வெளியே வெயிலுக்கு விரிக்க ஒரு பந்தல். ஓடிப் பார்க்கவென்று கொண்டும் வந்தாயிற்று. வாங்குவதற்குத்தான் பெற்றிசியா மசியவில்லை.

“ஒரு பின்னேரம் ஒருத்தரோடையும் கதைக்காமல் இருந்து காட்டுங்கோ, வாங்குவம். ஏலாட்டி வானைத் திருப்பிக் குடுத்திட்டு, இந்தக் கதையையும் விட்டிடோணும்.”

“ஒரு பின்னேரமோ? நான் ஒரு கிழமை இருந்தவன்!”

விடத்தல்தீவு தாண்டி, கடலுக்கு இறங்கும் மண்பாதையொன்றில் வானைத் திருப்பினார். கூகுள் வரைபடமே கைவிட்ட பாதை. அதில் அவருக்குப் பெருந்திருப்தி. உப்புத்தரையில் பந்தலை விரித்து, மேசை கதிரை போட்டு, கடலைப் பார்த்து அமர்ந்து, முகத்தில் மௌனத்தை வரவழைத்தார். பெற்றிசியா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வலையோடு வந்த தம்பு நின்று பார்த்தான். வான், பந்தல், மேசை, கதிரை. அரசாங்கம் இந்தப் பக்கம் இப்படித்தான் வரும்.

“டொக்டர், கண்ணோ பல்லோ பாக்கிறியள்?”

யோசேப் தலையாட்டி மறுத்து, வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

“ஓ, பல்லு!” என்றுவிட்டுத் தம்பு ஊரை நோக்கி ஓடினான்.

அரை மணித்தியாலத்தில் பந்தலுக்குக் கீழே வரிசை நின்றது. முதல் ஆளாக அன்னப்பிள்ளை கதிரையை இழுத்துப் போட்டு, வாயை ஆவென்று திறந்து, கடைவாயைச் சுட்டிக் காட்டினாள். யோசேப் கண்ணை மூடிக்கொண்டார். மௌனம் கலையவில்லை. லண்டனில் இருபத்தைந்து வருடம் பார்க்காத வைராக்கியம்.

அன்னப்பிள்ளை வாயை மூடிவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“இவர் டொக்டர் இல்லையடி. டிறைவர் போல. டொக்டர் உள்ள படுக்கிறார்.”

“டிறைவரோ?” யோசேப் துள்ளி எழுந்தார். “ஆரைப் பாத்து டிறைவர் எண்டுறாய்? நான் தனிமையைத் தேடி வந்த ஆள்! ஸ்கொட்லாந்தில ஏழு நாள், ஒரு மனிச முகம்...”

தொடங்கினால் தொடங்கினதுதான். தனிமையின் மேன்மையைப் பற்றி முப்பது பேருக்கு விளக்கினார். பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கட்டுமென்று கதிரையில் ஏறினார்.

“ஐயா, அங்க ஏன் சனமில்லை?” தம்பு கேட்டான். “அவையளும் வெளிநாட்டுக்குப் போட்டினமோ?”

“நல்ல கேள்வி” என்று அதற்கும் ஒரு அரை மணித்தியாலம் பேசினார்.

சூரியன் கடலில் இறங்க, பல்லுவலியோடு வந்தவர்கள் தலைவலியோடும் திரும்பிப் போனார்கள். அப்போதுதான் அவருக்குப் பந்தயம் நினைவுக்கு வந்தது. வான் போச்சு. கதையும் போச்சு. கதவை மெல்லத் தட்டினார்.

பெற்றிசியா கன்னத்தில் தலையணைத் தடத்தோடு எட்டிப் பார்த்தார். ஆளுக்கே பத்து வயது குறைந்திருந்தது.

“நான்... ஒரு சொட்டுக் கதைச்சிட்டன்” என்றார் யோசேப்.

“கேட்டது. வாங்குவம்.”

“என்னத்தை?”

“வானைத்தான். கலியாணம் கட்டின நாள் தொட்டு, இண்டைக்குத்தான் ஒருத்தரும் கூப்பிடாமல் நித்திரை கொண்டனான்.”

“அப்ப நான் வெண்டிட்டனோ?”

“நீங்கள் தோத்திட்டியள்.” கதவைப் பாதி சாத்தினார். “நாளைக்கு வெள்ளாங்குளம் சந்தியில நிப்பாட்டுங்கோ. அங்க இதைவிடச் சனம் கூட.”