மழைக்காலத்தில் தேனீ எதைத் தின்னும்

எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகு அஜிஷாவுக்குப் பிடித்துப்போன ஒரே நோட்டு அறிவியல் செய்முறை நோட்டுதான். எந்தச் சோதனையானாலும் அதில் ஐந்து தலைப்புகள் வரும். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, கண்டது, முடிவு. நான்காவது தலைப்புக்கு வந்ததும் பெமிலா டீச்சர் பலகையை விரலால் தட்டுவார். கண்டதை எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது, பக்கத்தில் இருப்பவள் எழுதியதை எழுதவே கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

வீட்டில் அப்படி இல்லை. கண்டதில் பாதி வெளியே சொல்லத்தகாதது. சித்தி புருஷனோடு பிணங்கி வந்து மூன்று மாதம் தங்கியதை எல்லாரும் அறிவார்கள், ஒருவரும் சொல்லமாட்டார்கள். அப்பா பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்றதும் அப்படியே. அறிவியல் நோட்டோ யார் வீட்டுச் சங்கதி என்று கேட்பதில்லை. எலுமிச்சைச் சாறு நீல லிட்மஸைச் சிவப்பாக்கினால் ஆக்கியதுதான். அந்த எலுமிச்சை எந்தத் தோட்டத்தில் காய்த்தது என்று லிட்மஸுக்கு அக்கறை இல்லை. இவ்வளவு நேர்மையான ஒன்று உலகத்தில் இருக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவள் வீடு திருவட்டாறுக்கு மேற்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில். அப்பா செல்வதாஸ் ரப்பர் பால்வெட்டும் தேன்வேலையும் பார்ப்பவர். ஆனால் வீடு அவர் பெயரில் அறியப்பட்டதில்லை. அவருடைய அண்ணன் இஸ்ரவேல், கல்யாணமே செய்யாமல் எழுபது வயதை எட்டியவர், அவர் பெயரில்தான் அது இஸ்ரவேல் வீடு. அங்கிருந்து போகும் தேன் இஸ்ரவேல் வீட்டுத் தேன். பாட்டிலில் லேபிள் ஒட்டியதில்லை, ஒட்டவேண்டிய தேவையும் வந்ததில்லை. வெளியூர்க்காரன் யாராவது சந்தேகமாகப் பார்த்தால் பெரியப்பா ஒரு தீக்குச்சியின் தலையைத் தேனில் முக்கியெடுத்து உரசிக் காட்டுவார். குச்சி பற்றிக்கொள்ளும். வந்தவன் வாயடைத்து வாங்கிக்கொண்டு போவான். நாற்பது வருஷமாக அந்த வீட்டின் மானத்துக்கு அந்தத் தீக்குச்சிதான் சாட்சி.

ஜனவரி கடைசியில் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். மற்ற பிள்ளைகள் எரிமலையும் காற்றாலையும் செய்ய, அஜிஷா ஒரு பெரிய சார்ட்டில் தேனீயின் பன்னிரண்டு மாதச் சாப்பாட்டை எழுதினாள். மாதத்துக்கு ஒரு கட்டம். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, இலை உதிர்ந்து தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியில் ஊறும் துளியிலிருந்து வருகிறது என்று ஜனவரிக் கட்டத்தில் எழுதியிருந்தாள். நடுவராக வந்தவர்கள் அதைப் படித்து இரண்டுமுறை கேட்டார்கள். தேன் எடுக்கும் மேலடுக்கை ஜனவரியில்தான் பெட்டியில் வைப்போம், ஏப்ரல் முடிந்ததும் எடுத்துவிடுவோம் என்பதும் அங்கேயே இருந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் உள்ள கட்டத்தில் இப்படி இருந்தது: மழை. பூ இல்லை. தேனீ வெளியே போகாது. ஒரு கிலோ சர்க்கரைக்கு ஒரு லிட்டர் வெந்நீர் சேர்த்து, ஆறிய பின் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிப் பெட்டிக்குள் வைக்கிறோம். தேனீ முங்கிச் சாகாமலிருக்க இரண்டு ஈர்க்குச்சி போடுகிறோம்.

அவள் கண்டது அது. ஐந்து வயதிலிருந்து அந்தச் சிரட்டைகளைக் கழுவியவள் அவள். பசித்த பிராணிக்கு வைக்கும் கஞ்சி அது. மழை முடிவதற்குள் தேனீக்கள் தின்று தீர்த்துவிடும். அடுத்த வருஷத்துத் தேனில் அதன் ஒரு துளி கிடையாது.

சார்ட்டுக்கு முதல் பரிசு. ஜில்லாக் கண்காட்சிக்கும் அதுவே தேர்வாயிற்று.

கண்காட்சி பார்க்க வந்தவர்களில் நேசபாயும் ஒருத்தி. அஜிஷா வீட்டார் போகும் அதே தேவாலயச் சபைக்காரி, மஸ்கட்டில் இருக்கும் மகனுக்கு வருஷம் தவறாமல் நான்கு பாட்டில் வாங்கி அனுப்புகிறவள். மழைக்காலத்துக் கட்டத்தை மட்டும் போனில் படம் பிடித்தாள். அன்று சாயங்காலமே அது சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. கீழே ஒரு வரி மட்டும்: இஸ்ரவேல் வீட்டுத் தேன் உண்டாகும் விதம், அந்த வீட்டுப் பிள்ளையே எழுதியது.

சபையில் தேன்பெட்டி வைத்திருக்கும் வீடுகள் பதினொன்று. ஜூன் பிறந்தால் பதினொரு வீட்டுக்காரரும் ஒரே கடையில்தான் சர்க்கரை மூட்டை எடுப்பார்கள். அவர்களில் ஒருவராவது, நாங்களும் வைக்கிறோம், எல்லாரும் வைப்பதுதான், அது தேனில் சேராது என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அன்றே விஷயம் முடிந்திருக்கும். ஒருவரும் எழுதவில்லை. ஒருவர் மட்டும் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டார். டீக்கடையில் இன்னொருவர், நாங்க பூவையும் கர்த்தரையும்தான் நம்பியிருக்கோம் என்று சொன்னதாகப் பிற்பாடு தெரிந்தது.

இரண்டாம் நாள் பெரியப்பா அவளைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. போனை நீட்டினார்.

"இது ஒனக்க கையெழுத்தா மக்களே?"

"ஆமா பெரியப்பா. உள்ளதுதானே?"

"உள்ளதுதான். நம்ம வீட்டுல குளிமுறி இருக்கு, அதுவும் உள்ளதுதான். பின்ன அதுக்குக் கதவு எதுக்கு?"

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஜனவரிக் கட்டத்தையும் சேர்த்துப் படித்தால் எல்லாம் விளங்கும் என்றாள். மேலடுக்கே இல்லாத மாதத்தில் வைக்கும் சர்க்கரை தேனில் எப்படி வரும் என்று கேட்டாள். பெரியப்பா மறுக்கவில்லை, அவருக்கு அது அவளைவிட நன்றாகத் தெரியும். படிக்கிறவன் முழுசாகப் படிப்பான் என்று உனக்கு எந்த டீச்சர் சொல்லித்தந்தாள் என்றுமட்டும் கேட்டார்.

அப்பா தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னார். ஒரு பாட்டிலைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி ரிப்போர்ட் வாங்கிவிடலாம், சர்க்கரை கலந்திருக்கிறதா என்று அங்கே துல்லியமாகச் சொல்லிவிடுவார்கள். அஜிஷாவுக்கு அந்த யோசனை பிடித்தது. பெரியப்பாவின் முதுகு நிமிர்ந்தது.

"நம்ம தேனுக்கு அச்சடிச்ச கடலாசு சாட்சி சொல்லணுமா? நாளைக்கு ஒருத்தன் கேட்டா நம்ம அப்பனுக்கும் ரிப்போர்ட் வாங்குவியா லே?"

அப்பா எழுந்து தேன்பெட்டிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

பெரியப்பா வேறொரு வழி வைத்திருந்தார். பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் விளைச்சலில் முதலாவதைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்து அவை ஏலம் போகும். அந்த வருஷத்து முதல் எடுப்புத் தேனில் ஒரு பாட்டிலை இஸ்ரவேல் வீட்டார் வைப்பார்கள். அதை எடுக்க மூன்று நான்குபேர் போட்டியிடுவது வழக்கம். அங்கே, எல்லார் முன்னிலும், தீக்குச்சி உரசிக் காட்டுவேன் என்றார். உரசியதும் அஜிஷா மைக்கில் வந்து, அறியாமல் எழுதிவிட்டேன், எங்கள் வீட்டில் சர்க்கரை வைப்பதில்லை என்று சொல்லவேண்டும்.

"பெரியப்பா, சர்க்கரைப் பாகுல முக்கினாலும் தீக்குச்சி எரியும். நான் செஞ்சு பாத்தேன்."

நாற்பது வருஷத்துச் சாட்சியை ஒரு பிள்ளை ஒரு வாக்கியத்தில் தள்ளிவிட்டது. அவள் மேலும் சொன்னாள்: தேனில் தண்ணீர் கலந்தால்தான் குச்சி பற்றாது, கட்டியான பாகாக இருந்தால் பற்றும், தீக்குச்சிக்கு ஈரம்தான் தெரியும், சர்க்கரை தெரியாது.

"நீ செஞ்சு பாத்தத எங்கயாவது எழுதி வச்சியா?"

"நோட்டுல இருக்கு."

"நோட்டு வீட்டுலதானே இருக்கு?"

"ஆமா."

"வீட்டுலயே இருக்கட்டும்."

பண்டிகையன்று பந்தலுக்குக் கீழே நேந்திரன் குலைகளும் மரச்சீனிக் கிழங்கும் சேவல்களும் வரிசையாக ஏலம் போயின. தேன் பாட்டில் வந்தது. ஏலம் விடுகிறவர் அதைத் தூக்கிப் பிடித்து மூன்றுமுறை கூப்பிட்டார். ஜனங்கள் காலடி மண்ணைப் பார்த்தார்கள். ஒரு குழந்தை மட்டும் தேன் தேன் என்றது; அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

பெரியப்பா எழுந்து போனார். கழுத்துப் பட்டன் வரை போட்ட வெள்ளைச் சட்டை, இரட்டை வேட்டி. பாட்டிலைத் திறந்து குச்சியை முக்கியெடுத்து உரசினார். பற்றிக்கொண்டது. பந்தல் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. தேன் சுத்தம் என்பது உண்மை. ஆனால் இந்த ஜனம் நம்பியது உண்மையை அல்ல என்று அஜிஷாவுக்குத் தோன்றியது. கலப்படக்காரன் ஒருவன் சட்டியில் காய்ச்சிய பாகோடு வந்து நின்றிருந்தாலும் இதே பெருமூச்சுதான் வந்திருக்கும். மெய்யான சோதனையைக் கௌரவக்குறைவு என்று வேண்டாமென்றவரும் பொய்யான சோதனையைக் கண்டு குளிர்ந்தவர்களும் ஒரே பந்தலில் இருந்தார்கள். அவளுக்கு இரு தரப்பிடமிருந்தும் தப்ப வழியில்லை.

பெரியப்பா அவளை நோக்கித் தலையசைத்தார். அந்த அசைவில் கட்டளை இல்லை. அவள் மாட்டேன் என்றால் அந்த மனிதர் அங்கேயே உடைந்துபோவார் என்பது அவர் கழுத்து நரம்பில் தெரிந்தது. அவள் போனாள். சொல்லித்தந்ததை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள்.

கைதட்டினார்கள். ஏலம் ஏறியது, முன்னெப்போதையும்விட. கடைசியில் பாட்டிலை எடுத்தது நேசபாய்தான். போகும்போது அஜிஷாவின் கன்னத்தைத் தட்டி, சின்னப் பிள்ளைகள் அறியாமல் எழுதுவதுதானே, ஆன்ட்டிக்கு ஒரு மனவருத்தமும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். மன்னிப்பு கேட்கவேண்டியவள் மன்னித்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை பெமிலா டீச்சர் அவளை ஆசிரியர் அறைக்கு அழைத்தார். சார்ட் மேஜைமேல் விரிந்திருந்தது. ஜில்லாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். சபையில் நடந்தது டீச்சருக்கும் எட்டியிருந்தது. மழைக்காலத்துக் கட்டத்தின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, காட்டுப் பூக்கள் என்று எழுதிக்கொண்டுவரச் சொன்னார். அந்த ஒன்றை மாற்றினால் பிறகு யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், பள்ளிக்கூடத்துக்கும் வீண்பேச்சு வராது.

"அந்த மாசம் காட்டுல பூ கிடையாது டீச்சர்."

"ஜட்ஜுக்கு அதெல்லாம் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"நேத்து மைக்கில சொல்லும்போது தெரியலியா?"

டீச்சர் கெட்ட மனதோடு கேட்கவில்லை. ஒரு சிக்கலை முடிக்கும் அவசரத்தில் கேட்டார். தினமும் பலகையைத் தட்டிய அதே விரல் வெள்ளைத்தாள் ஒட்டவேண்டிய இடத்தைச் சுட்டிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். பெரியப்பாவுக்காக வாயால் ஒரு பொய் சொன்னாள். அது அந்த வீட்டில் பிறந்ததற்குக் கொடுத்த விலை. கையால் எழுதியதை அழிக்க அவளுக்கு யாரிடமும் கடன்பாடு இல்லை. சார்ட்டைச் சுருட்டினாள். அப்படியானால் உன் பெயர் போகாது என்றார் டீச்சர். செரி டீச்சர் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பெரியப்பாவோ பேரில் பட்ட கறை நீங்கிய தெம்பில் கடைத்தெருவெல்லாம் பிள்ளை ஜில்லாவுக்குப் போகிறாள் என்று சொல்லிவைத்திருந்தார். கண்காட்சி நாளான சனிக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, வடசேரி பஸ்ஸைப் பிடிக்க அவரே அவளைக் கூட்டிப்போகத் தயாராக நின்றார். அவள் வீட்டுப் பாவாடையோடு தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"நேரமாவுது. கிளம்பலியா?"

"என்னை அனுப்பல்ல பெரியப்பா."

"ஏன்?"

"சார்ட் தப்புன்னு நான்தானே மைக்கில சொன்னேன். தப்பான சார்ட்ட எப்படி அனுப்புவாங்க?"

அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப்பார்த்தாள், பெரியப்பா கோபப்படுவார் என்று பயந்து. அவர் கோபப்படவில்லை.

"பின்ன யாரு போறா?"

"சுஜின். எரிமலை செஞ்சிருக்கான்."

"அது என்னது?"

"களிமண்ணுக்குள்ள சோடாமாவும் வினாகிரியும் பெரியப்பா. பொங்கும். எல்லாரும் கைதட்டுவாங்க."

அவள் அடுத்த மூடியை எடுத்துத் திருவத் தொடங்கினாள். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றவில்லை. வளைவில் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்துப் போயிற்று. மத்தியானச் சோறு விளம்பும்வரை கழுத்துப் பட்டனைக்கூடத் திறக்காமல் அப்படியே இருந்தார்.